குண்டுப்பூச்சியின் முகவரி

பூந்தொட்டியைச் சற்றே நகர்த்தினால் அடியிலிருக்கும் ஈரமண்ணில் அவசரமாகக் கலைந்தோடும் சாம்பல்நிறச் சிறு பிராணிகளைப் பலரும் பார்த்திருப்பார்கள். விரல் பட்டால் அவற்றில் சில சட்டென்று சுருண்டு, மிளகைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாகிவிடும். இவற்றை என்னவென்று அழைப்பது என்று கேட்டால் 'ஏதோ பூச்சி' என்பதுதான் பொதுவாகக் கிடைக்கும் பதில். ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மரப்பேன் என்று வரும். இது பேனுமல்ல, மரத்தை நம்பி மட்டும் வாழ்வதுமல்ல. மரவட்டை என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது வேறு குலம், வேறு கால் கணக்கு. எங்கள் வீட்டில் சிறுவயதிலிருந்தே இதற்குக் குண்டுப்பூச்சி என்று பெயர். கோலிக்குண்டு போல உருள்வதால் நாங்களே வைத்துக்கொண்டது. அகராதியில் இடம்பெறத் தகுதியற்ற அந்தப் பெயரையே இக்கட்டுரையிலும் பயன்படுத்துகிறோம்.

அந்தப் பெயரிலும் ஒரு பிழை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூச்சிக்கு ஆறு கால்கள். இதற்குப் பதினான்கு. கணுக்காலிகளில் இது இறால், நண்டு இவற்றின் பங்காளி. கிரஸ்டேசியா என்னும் ஓட்டுடலிக் கூட்டத்தைச் சேர்ந்தது. நண்டின் உறவினர் ஒருவர் கடலைவிட்டு, ஆற்றைவிட்டு, மொட்டைமாடித் தொட்டிவரை ஏறிவந்து கறிவேப்பிலைச் செடிக்கடியில் குடித்தனம் நடத்துகிறார் என்பதை முதன்முதலாக உணர்ந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் முழுதாக அடங்கவில்லை. ஓட்டுடலிகளில் தரைவாழ்வை இவ்வளவு முழுமையாக மேற்கொண்ட கூட்டம் வேறில்லை. 3,600க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பாலைநிலத்தில்கூட வாழ்பவை உண்டு.

லின்னேயஸ் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் இவற்றையும் நண்டையும் சிலந்தியையும் ஒரே சாக்கில் போட்டு, இறக்கையற்ற பூச்சிகள் என்று கட்டிவைத்தார். ஐரோப்பியத் தோட்டங்களில் மிகச் சாதாரணமான இனத்துக்கு அவர் இட்ட பெயர் ஓனிஸ்கஸ் அசெல்லஸ். முதற்சொல் கிரேக்க வழி, இரண்டாவது லத்தீன்; இரண்டுக்கும் பொருள் ஒன்றே: சின்னக் கழுதை. ஆக அதன் முழுப்பெயர் 'சின்னக்கழுதைச் சின்னக்கழுதை'. பின்னால் வந்தவர்களும் தொழுவத்தைவிட்டு வெளியேறவில்லை. போர்செல்லியோ என்றால் பன்றிக்குட்டி. நாங்கள் இங்கே பேசப்போகும் வெப்பமண்டல இனத்தின் பெயர் குபாரிஸ் முரினா. முரினா என்பது எலியைக் குறிக்கும், எலிநிறம் என்று கொள்ளலாம். தங்களைவிடப் பன்மடங்கு பெரிய விலங்குகளின் பெயர்களைச் சுமந்து திரிகின்றன இவை.

இந்த வகைப்பாட்டு விவகாரத்துக்குள் நாங்கள் இழுபட்டதற்குக் காரணம் அப்பா. கல்லூரி ஒன்றின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, பரணிலிருந்த மரப்பெட்டியைப் பிரித்தோம். கைலென்ஸ் ஒன்று, இடுக்கிகள், மெழுகு ஊற்றிய தட்டு, பதினெட்டுச் சிறு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிட்டில் ஏதோ ஓர் உயிர். உள்ளேயே ஒரு துண்டுக் காகிதம், பென்சிலால் எழுதியது. (மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. இதைச் சொல்லிச் சொல்லியே எங்களைப் பள்ளிநாட்களில் பென்சிலால் எழுதவைத்தவர்.) பதினேழு சீட்டுகளில் குடும்பம், பேரினம், இனம் எல்லாம் முறையாக இருந்தன. பதினெட்டாவதில் இவ்வளவுதான்: 'ஏற்காடு. 14.8.1979. கல்லுக்கு அடியில். ஐசோபோடா', பிறகு ஒரு கோடு. கோட்டுக்குப்பின் ஒன்றுமில்லை.

கோடு என்றால் பிறகு நிரப்பப்போகிறார் என்று அர்த்தம். நாற்பது ஆண்டுகளாக நிரப்பவில்லை. மறந்துபோனாரா, தெரியாமல் விட்டாரா, தெரிந்தும் உறுதியில்லாமல் விட்டாரா என்பது இனி எவரிடமும் கேட்கமுடியாத கேள்வி. அந்தக் கோட்டை நிரப்பிவிட வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது. இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் பேசிமுடித்தபிறகு பிள்ளைகளுக்கென்று மிஞ்சியிருந்த வேலை இது ஒன்றுதான் என்பதுபோல அன்று ஒரு வேகம்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "அவரே விட்டுட்டுப் போனத நீங்க ரெண்டு பேரும் எதுக்கு நோண்டறீங்க? அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். குப்பியைத் தன் கண்ணாடிக்கு அருகில் பிடித்துக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு மழைல நனஞ்சு வந்து மூணு நாள் காய்ச்சல்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார்.

குப்பிக்குள் ஸ்பிரிட் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. உள்ளே இருந்தது ஒரே ஓர் உருண்டை. நிறம் முற்றிலும் வெளுத்துப் பழைய தந்தம்போல இருந்தது. ஸ்பிரிட்டில் கிடப்பவை நிறமிழப்பது இயல்பு. ஆகையால் நிறத்தை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. அமைப்பு ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியைப் படிப்பதற்கு முதலில் உயிரோடிருப்பவற்றைப் பார்த்துப் பழகவேண்டும் என்று முடிவுசெய்தோம். அதற்குப் பஞ்சமில்லை; கறிவேப்பிலைத் தொட்டி இருக்கவே இருந்தது.

பழகியபின் உடற்கூறு ஒரு வீட்டின் வரைபடம்போல மனத்தில் பதிந்துவிடுகிறது. முன்னால் தலை. உண்மையில் அது தலை மட்டுமன்று. மார்பின் முதற்கண்டமும் அதனோடு ஒட்டிப்போய், அக்கண்டத்தின் கால்கள் வாயுறுப்பாக மாறிவிட்டன. இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு. ஆனால் முதல் ஜோடி மிகச்சிறியது, லென்ஸில்கூடத் தேடவேண்டும். நாம் பார்ப்பது இரண்டாவது ஜோடியை; முழங்கை மடக்கியதுபோல் மடங்கி, தரையைத் தட்டித்தட்டி நடக்கும். அதன் நுனிச் சாட்டையில் எத்தனை கணுக்கள் என்பது குடும்பங்களைப் பிரிக்க உதவும் முதல் அடையாளங்களுள் ஒன்று. சில குடும்பங்களில் இரண்டு, சிலவற்றில் மூன்று, ஈரத்தைவிட்டு நகராத சிலவற்றில் அதற்கும் மேல். எங்கள் தொட்டிவாசிகளுக்கு இரண்டு.

தலைக்குப் பின் ஏழு தகடுகள், ஏழு ஜோடி நடைகால்கள். எல்லாக் கால்களும் ஏறத்தாழ ஒரேமாதிரி இருப்பதால்தான் ஐசோபோடா, சமகாலிகள் என்று பெயர். அதற்கும் பின்னால் குறுகிய ஐந்து வயிற்றுக் கண்டங்கள். ஆறாவது கண்டம் வால்தகட்டோடு இணைந்துவிட்டது. வால்தகட்டின் இருபுறமும் வால்கால்கள். இவ்வளவுதான் மேலிருந்து தெரிவது. விஷயம் முழுவதும் அடிப்பக்கத்தில் இருக்கிறது.

வயிற்றின் அடியில் ஐந்து ஜோடி வயிற்றுக்கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓலைக்கீற்றுப்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடல்கள். உள்மடல் மெல்லிய தோலாலானது. செவுளின் வேலையை இன்னும் விடாமல் செய்கிறது. வெளிமடல் அதை மூடும் கதவு. கடலில் இருந்தபோது இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. கரையில் காற்று உலர்த்திவிடுமே? அதற்குப் பல குடும்பங்களில் அந்த வெளிமடலுக்குள்ளேயே குழிந்து குழிந்து கிளைபிரியும் நுண்குழாய்கள் உருவாயின. நுரையீரல் என்றே அவற்றை அழைக்கிறார்கள். உயிருள்ள பூச்சியை ஒரு கண்ணாடித்துண்டின் மேல் நடக்கவிட்டுக் கீழிருந்து பார்த்தால் அவை சுண்ணாம்புப் பொட்டுகள்போல வெள்ளையாகத் தெரியும்; உள்ளிருக்கும் காற்றே அந்த வெண்மை. ஐரோப்பாவின் சுருளும் குடும்பமான அர்மடில்லிடியிடேயில் இரண்டு ஜோடிப் பொட்டுகள்தாம். வெப்பமண்டலத்தின் அர்மடில்லிடே குடும்பத்தில் பெரும்பாலும் ஐந்து ஜோடிகளிலும் நுரையீரல் உண்டு. (இரண்டு குடும்பப் பெயர்களுக்கும் இடையில் ஓர் அசைதான் வேறுபாடு. வகைப்பாட்டியலாளர்கள் பொதுவாசகனின் கண்களைப்பற்றிக் கவலைப்படுவதில்லை.)

நீரைச் சேமிக்கும் விதம் இன்னும் விசித்திரமானது. இவை நம்மைப்போல யூரியா தயாரித்துச் சிறுநீராக வெளியேற்றுவதில்லை. நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியா வாயுவாகவே காற்றில் விட்டுவிடுகின்றன. தாடைப்பகுதியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் நீர் உடலின் அடிப்புறத்திலும் ஓரங்களிலும் உள்ள நுண்ணிய வாய்க்கால்கள் வழியே பின்னோக்கி ஓடுகிறது. வழியில் அம்மோனியா ஆவியாகிவிட, மிஞ்சிய நீர் வயிற்றுக்கால்களை நனைத்தபின் திரும்ப உடலுக்குள் சேர்கிறது. ஒரே நீரைத் திரும்பத் திரும்பப் புழங்கும் சிக்கனம். தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நின்று வளர்ந்த எங்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை சொல்லாமலே விளங்கியது.

இரத்தத்திலும் ஒரு வேறுபாடு. இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் ஆக்சிஜனைச் சுமக்கிறது. நண்டு இறாலைப் போலவே. தரையில் தாமிரம் எளிதில் கிடைப்பதில்லை என்பதால் அதைக் குடற்சுரப்பியில் சேர்த்துவைத்துக் கொள்கின்றன. தம் எச்சத்தையே மீண்டும் தின்பதற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. சட்டையுரிப்பதும் இரண்டு தவணையாக நடக்கும். முதலில் பின்பாதி, சில நாட்கள் கழித்து முன்பாதி. அதற்கு முன்பாகச் சுண்ணாம்பை உருக்கி முன்மார்பின் அடியில் வெள்ளைத் தகடுகளாகச் சேமித்துக்கொள்ளும். புதிய ஓடு கெட்டிப்பட அந்தச் சுண்ணாம்பு வேண்டும். உரித்த சட்டையையும் பெரும்பாலும் தின்றுவிடும். பாதி வெளுத்தும் பாதி கறுத்தும் திரியும் ஒன்றைப் பார்த்து நோய் என்று நினைக்கவேண்டாம். அது பாதிச்சட்டை மாற்றிய நிலை.

இவ்வளவையும் கற்றபின் குப்பிக்குத் திரும்பினோம். உருண்டையாகச் சுருண்டிருந்தாலும் அதன் பின்முனை வெளியேதான் இருக்கும். அங்கேதான் குடும்பத்தின் முத்திரை. சுருளும் உயிருக்கு வால்கால்கள் நீட்டிக்கொண்டிருந்தால் உருண்டை முழுமையடையாது. எதிரி கடிக்க ஒரு பிடி கிடைத்துவிடும். எனவே வால்தகட்டுக்கும் கடைசி வயிற்றுக் கண்டத்துக்கும் இடையேயான சந்தைத் தட்டையான ஏதோ ஒன்றால் அடைக்கவேண்டும். ஐரோப்பியக் குடும்பம் அதை வால்காலின் வெளிக்கிளையை அகலமாக்கி அடைத்தது; நடுவே வால்தகடு முக்கோணமாக அல்லது மழுங்கிய நுனியோடு இருக்கும். வெப்பமண்டலக் குடும்பம் அதே சந்தை வால்காலின் அடிக்கட்டையையே பெரிதாக்கி அடைத்தது. வெளிக்கிளை அதன்மேல் ஒரு சிறு முளையாகச் சுருங்கிவிட்டது. வால்தகடும் குபாரிஸ் போன்றவற்றில் உடுக்கைபோல் இடைசிறுத்துக் காணப்படும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே உருண்டை, ஒரே பளபளப்பு. ஆனால் ஓட்டையை அடைத்த பலகை வேறு. ஒரே தேவை இரண்டு வீடுகளில் இரண்டு விதமாக நிறைவேறியிருக்கிறது. வகைப்பாட்டியலில் எங்களுக்கு மிகப் பிடித்த பாடம் எதுவென்றால் இதைத்தான் சொல்வோம். (மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆர்த்ரோஸ்பீரா என்ற பெரிய உருளும் மரவட்டைகள் இருக்கின்றன. அவையும் சுருண்டு உருண்டையாகும். அவற்றின் கால்களோ இருபது ஜோடிக்கும் மேல். இது மூன்றாவது வீடு.)

கைப்பேசியில் பொருத்தும் லென்ஸில் அந்தப் பின்முனையைப் படமெடுத்தோம். இடைசிறுத்த வால்தகடு. இருபுறமும் அகன்ற அடிக்கட்டை. ஒரு பக்கத்தில் அந்த முளைகூடத் தெரிந்தது. அர்மடில்லிடே. அப்பாவின் கோட்டுக்குப்பின் முதற்சொல் கிடைத்துவிட்டது. அன்று இரவு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாளே எங்களுக்குள் தகராறு தொடங்கியது. பேரினத்தைப் பார்க்க உருண்டையைப் பிரிக்கவேண்டும். முதல் மார்புத்தகட்டின் பின்மூலையில் ஒரு பிளவு இருக்கிறதா, இரண்டாவதன் அடியில் ஒரு மடல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுருளும்போது தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி நிற்பதற்கான கொக்கிகள் அவை. இனத்தைச் சொல்ல அதற்கும் மேலே போகவேண்டும். ஆணாக இருந்தால் முதலிரண்டு ஜோடி வயிற்றுக்கால்களைக் கழற்றிக் கண்ணாடித்தகட்டில் ஏற்றவேண்டும். எங்களில் ஒருவருக்கு அது செய்துதீரவேண்டிய வேலை. கழற்றாத மாதிரி பாதி படித்த புத்தகம் என்பது அவர் வாதம். மற்றவருக்கோ அது அப்பா தன் கையால் எடுத்துப்போட்ட ஒரே ஒரு பிரதி; அதன்மேல் ஊசி படக்கூடாது. இரண்டு வாரம் இதைப்பற்றிப் பேசாமலேயே சாப்பிட்டோம், பேசாமலேயே அவரவர் அலுவலகம் சென்றுவந்தோம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வெளுத்த உயிர் ஒன்றுக்காக நடுவயது கடந்த இருவர் முகம்கொடுக்காமல் இருப்பதை அம்மா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. குப்பியை மட்டும் எடுத்துப் பூஜை அலமாரியில், அப்பாவின் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அந்த இரண்டு வாரத்தில் நூலகத்திலும் இணையத்திலும் தேடியவற்றைத் தனித்தனியே படித்துக்கொண்டிருந்தோம். குபாரிஸ் முரினாவுக்குப் பெயரிட்டவர் யோஹான் ஃப்ரீட்ரிக் பிராண்ட். 1831இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்று அங்குள்ள விலங்கியல் அருங்காட்சியகத்தைக் கட்டியெழுப்பியவர். 1833இல் மாஸ்கோவிலிருந்து வெளிவந்த ஒரே கட்டுரையில் இதையும், இன்று உலகின் எருக்குழிகளிலெல்லாம் காணப்படும் இன்னோர் இனத்தையும் விவரித்தார். விபூதி பூசியதுபோல் மேலே வெண்பொடி படர்ந்த அந்த இரண்டாவது இனத்தின் வரலாறு வகைப்பாட்டின் தடுமாற்றங்களுக்கு நல்ல உதாரணம். பிராண்ட் அதைப் போர்செல்லியோ என்றார், பிறகு மெட்டோபோனார்த்தஸ் ஆயிற்று, அப்பெயரிலேயே பல பத்தாண்டுகள் பாடநூல்களில் வாழ்ந்தது, இப்போது போர்செல்லியோனைடிஸ். பூச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. இதே பிராண்ட்தான், 1768வாக்கில் மனிதர்கள் வேட்டையாடித் தீர்த்த ஸ்டெல்லர் கடற்பசுவின் எலும்புகளைப்பற்றியும் விரிவாக எழுதினார் என்பதை அறிந்தபோது சற்று நேரம் அமைதியாக இருக்கவேண்டியிருந்தது. பல டன் எடையுள்ள விலங்கு போய்விட்டது. எலிநிறப் பூச்சி கப்பல்களில் தொட்டிமண்ணோடு பயணம்செய்து வெப்பமண்டலம் முழுதும் பரவிவிட்டது.

பிராண்ட் உருவாக்கிய குபாரிஸ் என்ற பேரினம் பிறகு ஒரு குப்பைக்கூடையாக மாறிய கதையும் உண்டு. வெப்பமண்டலத்தில் சுருளும் பூச்சி எது கிடைத்தாலும் அதில் போடுவது பலருக்கு வழக்கமாயிற்று. டென்மார்க்கின் புடே-லுண்ட் 1885இல் லத்தீனில் எழுதிய பெருநூல் தரைவாழ் சமகாலிகளை ஒழுங்குபடுத்த முனைந்த முதல் பெரிய முயற்சி. இந்தியாவைப் பொறுத்தவரை காலிஞ்ச் என்பவர் 1914 முதல் 1916 வரை கல்கத்தா அருங்காட்சியக இதழில் மூன்று பகுதிகளாக எழுதினார். அக்காலத்து விவரணைகள் பலவும் மேலோடு, நிறம், அளவு ஆகியவற்றோடு நின்றுவிடுபவை. ஆணின் வயிற்றுக்கால்தான் இனத்தின் கையெழுத்து என்பது பின்னால் உறுதிப்பட்ட வழக்கம். அதனால் பழைய பெயர்கள் பலவற்றை இன்று எவராலும் உறுதியாகப் பொருத்திப் பார்க்க இயலவில்லை.

கூடை இப்போது வேறு காரணத்துக்காகவும் நிரம்பிவழிகிறது. கடந்த சில ஆண்டுகளாக இவற்றை வளர்ப்புப்பிராணிகளாக வாங்கி விற்கும் சந்தை ஒன்று உருவாகியிருக்கிறது. தாய்லாந்தின் சுண்ணாம்புக்கல் பகுதிகளிலிருந்து வந்த, மஞ்சள் முகம் கொண்ட ஒரு வகை, குளியல்தொட்டியில் மிதக்கும் ரப்பர் வாத்துப்பொம்மையின் பெயரால் நல்ல விலைக்கு விற்கப்பட்டது. அறிவியற்பெயர் இடப்படுவதற்கு முன்பே விலைப்பெயர் வந்துவிட்டது. பெட்டிமேல் 'குபாரிஸ்' என்று மட்டும் எழுதி, இனப்பெயருக்கான இடத்தை வெறுமையாக விட்டு அனுப்புகிறார்கள். சில குகைகளில் மட்டும் வாழ்வது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணப்படுவதற்குள் தபாலில் போய்க்கொண்டிருக்கிறது. அப்பாவும் இடத்தை வெறுமையாகத்தான் விட்டார். ஆனால் அவர் இடம், நாள், கல்லுக்கு அடியில் என்ற மூன்றையும் எழுதினார். சந்தைப்பெட்டியில் பெரும்பாலும் அந்த மூன்றும் இருப்பதில்லை. அதைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை.

தகராறு முடிந்த விதம் எவருடைய வெற்றியுமல்ல. ஊசி வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒருவாறு ஒத்துக்கொண்டோம். அம்மாவே குப்பியை எடுத்துத் தந்தார். மாலைக்குள் உருண்டை தானாகவே நெகிழ்ந்தது. மெழுகுத்தட்டில் மல்லாத்திவைத்தோம். முதல் மார்புத்தகட்டின் மூலையில் பிளவு இருந்தது. இரண்டாவதில் மடல் இருந்தது. வயிற்றின் அடியில், ஆணுக்கு இருக்கவேண்டிய நீண்ட கூர்முனைகள் இல்லை. பெண்.

கழற்றிப் பார்க்க ஒன்றுமே இல்லை. கையெழுத்து ஆணிடம்தான் இருக்கிறது, இங்கிருப்பது பெண். படங்களை இத்துறையில் பணிபுரியும் ஒருவருக்கு அனுப்பினோம். இரண்டே வரியில் பதில் வந்தது: குபாரிஸ் வரை போகலாம், அதற்குமேல் அதே இடத்திலிருந்து ஓர் ஆண் வேண்டும். முரினாவாக இருக்கலாமா என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அது கேட்கக்கூடாத கேள்வி என்று இப்போது புரிகிறது. அப்பா அன்று மழையில் இன்னொரு கல்லைப் புரட்டியிருந்தால் என்று எங்களில் ஒருவர் தொடங்கி, முடிக்காமல் நிறுத்திவிட்டார்.

பழைய சீட்டை மாற்றக்கூடாது என்பது அருங்காட்சியக மரபு, புதியதைச் சேர்க்கலாம். பென்சிலால் இன்னொரு துண்டில் 'அர்மடில்லிடே. குபாரிஸ், இனம் தீர்மானிக்கப்படவில்லை. பெண், 1' என்று எழுதி, எழுதிய தேதியையும் போட்டு உள்ளே இட்டோம். ஸ்பிரிட்டை நிரப்பினோம். அம்மா சீட்டைப் படித்துக்காட்டச் சொன்னார். படித்தோம். "தீர்மானிக்கப்படவில்லைன்னே எழுதலாமா? அப்ப அவரும் அதையேதான எழுதியிருக்காரு" என்றார்.

வகைப்பாட்டின் மேல்மாடியிலும் நிலைமை இதைவிடத் திட்டமாக இல்லை என்பது ஓர் ஆறுதல். கடற்கரைப் பாறைகளில், சென்னைத் துறைமுகப் பக்கத்துக் கருங்கற்களிலும், விடுவிடென்று ஓடி இடுக்கில் மறையும் லிஜியா என்னும் பெரிய உறவினரைச் சிலர் கவனித்திருக்கலாம். கடலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட முன்னோரின் சாயல் அது என்றுதான் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. கடல் சமகாலியிலிருந்து லிஜியா, லிஜியாவிலிருந்து தோட்டத்துப் பூச்சி என்று படிப்படியாக ஓர் ஏணி. 2019இல் டிமிட்ரியூ, டைட்டி, ஸ்ஃபெந்துராக்கிஸ் ஆகியோர் மரபணுக்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் லிஜியா மற்ற தரைவாழ் பூச்சிகளைவிடக் கடல்வாழ் சமகாலிகளுக்கே நெருக்கமானது என்று வந்தது. அது சரியென்றால் இக்கூட்டம் கடலிலிருந்து ஒருமுறை மட்டும் கரையேறவில்லை. குறைந்தது இருமுறை, தனித்தனியே. ஏணி உடைந்துவிட்டது. மியான்மர் அம்பரில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் சிக்கிய ஒன்று 2015இல் விவரிக்கப்பட்டது. அதற்குள்ளாகவே அது முழுமையான தரைவாசி. கரையேறிய காட்சி அதற்கும் வெகு முன்னால், சாட்சியின்றி நடந்திருக்கிறது. கடலிலேயே தங்கிவிட்ட கிளையிலோ, வியட்நாமின் மீன்சந்தைகளில் வாங்கிய, 30 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஓர் இனத்துக்கு 2025 தொடக்கத்தில்தான் பெயர் வைத்தார்கள். மக்கள் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்த ஒன்றுக்கு.

ஏற்காட்டுக்குப் போகவேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஆகஸ்டில், மழை பிடித்தபின். எந்தக் கல் என்று சீட்டில் இல்லை. அதுவரை தொட்டியில் இருப்பவற்றைப் பார்க்கிறோம். சென்ற மாதம் அவற்றில் ஒன்றின் அடிப்புறம் புடைத்து மஞ்சளாகத் தெரிந்தது. முன்பக்கத்து ஐந்து ஜோடிக் கால்களின் அடியிலிருந்து வளரும் மெல்லிய மடல்கள் ஒன்றையொன்று மேவி, நீர் நிரம்பிய ஒரு பையாகிவிடும். முட்டைகளும் குஞ்சுகளும் அதற்குள்தான். கடலை விட்டுவந்த உயிர், குஞ்சுகளுக்கென்று ஒரு துளிக் கடலை மட்டும் வயிற்றோடு கட்டிக்கொண்டு நடக்கிறது. முந்தாநாள் அந்தப் பை திறந்தது. அரிசிக்குருணையைவிடச் சிறிய, கண்ணாடிபோன்ற வெண்குஞ்சுகள் ஈரத்தாளின் மேல் நடந்தன. அம்மாவும் வந்து லென்ஸைக் கண்ணில் வைத்துக் கால்களை எண்ணினார். இரண்டு முறை எண்ணிவிட்டு, "பதினாலுன்னு சொன்னீங்க, பன்னெண்டுதான இருக்கு?" என்றார். ஏழாவது ஜோடி பிறக்கும்போது இருக்காது, சட்டை உரித்தபிறகுதான் முளைக்கும் என்று சொன்னோம். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். நாட்காட்டியில் தேதியை வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.